டப்பாவுக்கு வைத்த குங்குமப் பொட்டு

என் பெயர் தையல்நாயகி, காலஞ்சென்ற தங்கராஜுவின் மனைவி. வயது எழுபத்து மூன்று. டத்தோ கிராமாட் அடுக்குமாடி வீட்டில் பேத்தி சுபாஷினியோடு வசிக்கிறேன். தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். நான் சொல்லச் சொல்ல போலீஸ் இன்ஸ்பெக்டர் புவனேஸ்வரன் எழுதிக்கொள்கிறார்.

சுபாஷினி மருந்து பெக்டரியில் மாத்திரைகளைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் யுனிவர்சிட்டிக்குப் போன முதல் பிள்ளை. இது கேஸுக்குத் தேவையில்லை என்றார் இன்ஸ்பெக்டர், நான்தான் எழுதச் சொன்னேன்.

சென்ற மாதம் ஆயர் ஈத்தாமில் யூசுப் தம்பியின் கடையில் மூட்டு வலி மாத்திரை இரண்டு டப்பா வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் சாமி படத்தின் முன் வைத்து, இரண்டுக்கும் குங்குமப் பொட்டு வைத்தேன். எந்த மருந்துக்கும் அப்படித்தான். "மருந்துக்கும் பொட்டா பாட்டி, மாப்பிள்ளை பாக்கப் போறீங்களா?" என்று யூசுப் தம்பி கேலி செய்வார். மனிதருக்குப் புருவ மத்தியில் வைப்பதுபோல, டப்பாவுக்கு மூடியும் சீலும் சேரும் இடத்தில் வைப்பேன். அதன் பிறகு ஒன்றைத் திறந்து மாத்திரை போட்டேன். அன்றே உடம்பெல்லாம் தடித்து அரித்தது. எனக்குப் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது, அது பட்டால்தான் இப்படி வரும். சுபாஷினி வேலைக்குப் போகாமல் பக்கத்திலேயே இருந்து களிம்பு தடவினாள்.

அதன் பிறகு டப்பாவைப் பார்த்தவள், "பாட்டி, இது எங்க பெக்டரி மருந்துலா" என்றாள்.

"மூட்டு வலி மாத்திரையில பெனிசிலின் எப்படிடி வரும்?" என்று கேட்டேன்.

"பெனிசிலின் செஞ்ச மெஷினச் சரியா கழுவாம அதுலயே இதையும் செஞ்சிருப்பாங்க. நெத்திலி பொரிச்ச சட்டிய சரியா கழுவாம பாயசம் வெச்சா எங்களுக்குத் தெரியாது. விரதம் இருக்கிற உங்க மூக்குக்குத் தெரியுமில்ல? அந்த மாதிரி மூக்குதான் நான் சோதிக்கிற மெஷின்" என்றாள்.

அதன் பிறகு திறக்காத டப்பாவை வேலைக்குக் கொண்டுபோய்ச் சோதித்தாள். துளியூண்டு பெனிசிலின் இருந்தது. கடைகளில் இருக்கும் மாத்திரைகளைத் திரும்பப் பெறச் சொல்லி பெக்டரி மேனேஜர் மோகனராஜிடம் கேட்டாள். அதன் பிறகுதான், அவள் வீட்டிலேயே டப்பாவைத் திறந்து பெனிசிலினைக் கலந்து பெக்டரி பெயரைக் கெடுக்கிறாள் என்று மேனேஜர் போலீசில் புகார் கொடுத்தார்.

இன்ஸ்பெக்டர் இன்று ஒரு படத்தைக் காட்டினார். டப்பாவில் இது என்ன சிவப்பு என்று கேட்டு, சுபாஷினியோடு வேலை செய்யும் சித்தி ஆயிஷா என்ற மலாய்க்காரப் பெண், டப்பாவைத் திறக்கும் முன் சோதனைக்கூடத்தில் எடுத்த படம் என்றார். மூடியைத் திருகினால் சீல் அறுந்து பொட்டு இரண்டாகிவிடும்.

"நல்லா பாத்துச் சொல்லுங்க பாட்டி, ஒடஞ்சிருக்கா?" என்று கேட்டார்.

"முழுப் பொட்டு தம்பி. என் விரல் வெச்சது வெச்ச மாதிரியே இருக்கு" என்றேன்.

சுபாஷினி வெளியே பெஞ்சில் காலையிலிருந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாள். இதையும் எழுதச் சொன்னேன்.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். கண்டதையும் செய்ததையும் தவிர எதையும் நான் கூட்டிச் சொல்லவில்லை, எல்லாம் உண்மை. கைநாட்டு போதும் என்றார்கள். என் பேத்திக்காக, கையெழுத்தே போடுகிறேன்.

(ஒப்பம்) தங். தையல்நாயகி