சம்சாரம் உட்கார்ந்தால் எரியும் விளக்கு

ஒருநாள், ஓசூரிலிருந்து இராயக்கோட்டை போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்தவர், பக்கத்தில் இருந்த லாரி டிரைவரிடம் சொன்னது காதில் விழுந்தது.

"என் சம்சாரம் ஏறி உக்காந்தாத்தாங்க டிராக்டர் டிரெய்லர்ல பின்லைட்டு எரியுது. எறங்கினா அணைஞ்சிடுது."

அவர் உத்தனப்பள்ளி விவசாயி. சம்சாரம் எதிர்ப்பக்கம் ஜன்னலோரம் இருந்தார்.

டிரைவர் சிரிக்கவில்லை. "எப்பவுமேவா?"

"சந்தையில கோஸ் மூட்டைய எறக்கிட்டு, இருட்டுற நேரத்துல காலியாத் திரும்பறப்போ. லைட்டு இல்லன்னா போலீஸ் நிறுத்தறாங்க. அதனால வாராவாரம் இவளையும் கூட்டிட்டுப் போறேன்."

"எங்க உக்காருவாங்க?"

"முன்னால, டிராக்டரோட மாட்டுற கொக்கிப் பக்கம்."

"டிராக்டர்லருந்து லைட்டுக்கு எத்தனை ஒயரு போகுது?"

"ஒண்ணுதாங்க."

"அதான் விஷயம். போன கரண்டு திரும்பி வரணுமில்ல? கொக்கி வழியாத்தான் வருது. காலி வண்டியில கொக்கி லொடலொடன்னு ஆடும், கரண்டு விட்டுப்போகும். அக்கா உக்காந்தா இரும்பும் இரும்பும் அழுந்திக்குது. ரெண்டு வண்டிக்கும் நடுவுல இன்னொரு ஒயரு கட்டுங்க, சரியாப் போயிடும்."

விவசாயி முகம் மலர்ந்தது. "அப்போ இவ இனிமே வீட்லயே இருக்கலாம்!"

ஜன்னலோரம் இருந்தவர் திரும்பினார்.

"ஒயரு நல்லாக் கட்டுங்க. இனி அந்தத் தகரத்துல நான் உக்கார மாட்டேன். உங்க பக்கத்துல டிராக்டர் மட்கார்டு மேல உக்காந்துதான் சந்தைக்கு வருவேன்."

பஸ்ஸில் எல்லோரும் சிரித்துவிட்டோம்.

"மட்கார்டுக்கு ஒரு மெத்தையும் தைச்சிடுங்கண்ணா" என்றார் டிரைவர்.

விவசாயி சம்சாரத்தைப் பார்த்தார்.

"என்ன கலர் துணி வாங்கட்டும்?"