அம்சவல்லி பேருக்குப் போட்ட நாற்காலி

— "யாரும்மா இதக் கொட்டினது?"ன்னு அந்த மெட்ராசு சூப்பர்வைசரு ஒன்னக் கேட்டானா இல்லியா செல்வி? அத மட்டும் சொல்லு எனக்கு.

— கேட்டாருக்கா.

— அப்ப அது கொட்டுனப்ப நீ பக்கத்துலதான் இருந்திருக்க. பத்து நாளா "நான் எதையும் பாக்கல அம்சவல்லிக்கா"ன்னு நழுவிக்கிட்டே இருந்தியே.

— காலங்காத்தால அவள ஏங்க்கா புடிச்சிக்கிட்ட? கிண்ணத்த அடுக்கு. மத்தியானம் லாரி வந்துடும்.

— நீ சும்மா இரு துர்கா. ஒனக்கு லாரி, எனக்கு எம் பொண்ணு. வேலைய வுட்டு அனுப்பிட்டாங்கன்னு பொட்டியத் தூக்கிக்கிட்டு விருத்தாசலத்துல வந்து எறங்குனவ, பத்து நாளா செவுத்தப் பாத்துப் படுத்துக் கெடக்குறா. கேட்டா, "ஆமாம்மா, நாந்தான் கொட்டினேன்"ங்கறா. அதுக்கு மேல வாயி தெறக்க மாட்டேங்குறா.

— பானுவே சொல்லும்போது அதுதானக்கா நடந்திருக்கும்.

— எப்புடி நடக்கும் செல்வி? சட்டி நெறைய ரசத்தோட தூங்குற புள்ளயத் தாண்டிப் போவா, ஒரு சொட்டு சிந்தாது. அவளா ஒரு அம்மாவோட பட்டுப் பொடவையில ஐஸ்கிரீமக் கவுப்பா? ஆனா அன்னிக்கு நானும் நம்பிட்டேன். "ஒரு கிண்ணம் புடிக்கத் தெரியாதவளுக்கு மெட்ராசு என்னாத்துக்கு"ன்னு வாசல்ல நிக்க வச்சே கேட்டுட்டேன். தெருவே பாத்துச்சு. அதுலேருந்து சோறு போடுறதோட சரி. பேச்சு இல்ல.

— பானு வேல பாக்குற தண்ணி ஷோவுக்கு வந்த டிக்கெட்ட நீ இவகிட்ட குடுத்திருக்கவே கூடாதுக்கா. கம்பெனி டூருன்னு மெட்ராசு போன நாங்க நாப்பது பேரும் கயித்துக்கு அந்தாண்ட, மாட்டுச் சந்த மாதிரி முட்டிக்கிட்டு நிக்கிறோம். இவ இந்தாண்ட மகாராணி. மேசை, மெத்து மெத்துன்னு நாற்காலி, தட்டு நெறைய ஸ்வீட்டு. தண்ணி டான்சு ஆடுதாம், கலர் லைட்டாம். எங்களுக்கு எங்க தெரிஞ்சுது? முன்னாடி நின்னவன் சொட்டத் தலதான் பச்சையா மாறுச்சு, செவப்பா மாறுச்சு.

— அங்க வேல செய்யிறவங்க வூட்டாளுக்குன்னு வருசத்துக்கு ஒரே ஒரு டிக்கெட்டு குடுப்பாங்களாம் துர்கா. அத எனக்குன்னு வாங்கி அனுப்பியிருந்தா. "நாற்காலியில ஒம்பேரு எழுதி ஒட்டியிருப்பாங்கம்மா"ன்னு போன்ல சொன்னா.

— ஒட்டியிருந்துச்சுக்கா. "அம்சவல்லி"ன்னு. எழுத்து நம்ம பானு எழுத்துதான்.

— நாந்தான் போவல. இந்தக் காலப் பாரு. வெடிச்சு, வெடிப்பு பூரா களிமண்ணு. இதோட போயி அவகூட வேல செய்யிறவங்க முன்னாடி ஒக்காந்தா அவளுக்குத்தான கேவலம்? அதான் ஒங்கிட்ட குடுத்தேன் செல்வி. போயி ஒக்காரு, எம் பொண்ணு எப்புடி இருக்கான்னு பாத்துட்டு வந்து சொல்லுன்னேன். நீ வந்து என்னா சொன்ன?

— பாக்கலன்னு சொன்னேன்.

— பாத்தியா?

— அவதாங்க்கா ஐஸ்கிரீம் கிண்ணத்தக் கொண்டாந்து வச்சா. வெள்ளச் சட்ட, தலையில தொப்பி. என்னப் பாத்ததும் மூஞ்சி ஒரு மாதிரி ஆச்சு, ஒடனே சிரிச்சா. "அம்மா வரலியா"ன்னா. ஒடம்பு முடியலன்னு சொல்லிட்டேன்.

— ம்… அப்புறம்?

— அப்புறம் லைட்ட அணைச்சாங்க. தண்ணி மேல எழும்புச்சு. பனமர ஒசரம் இருக்கும்க்கா.

— தண்ணிய வுடு. கிண்ணத்துக்கு வா.

— அது நம்ம கிண்ணம்க்கா.

— நம்ம கிண்ணம்னா?

— நம்ம கம்பெனியோடது. முந்தின மாசம் ரெண்டு லாரி போச்சே, நீலக் கோடு போட்டது. அடி தொடைக்கிறது நாந்தான. அடியில கிளேஸு பூச்சு ஒட்டியிருக்குதான்னு ஒரு நாளைக்கு எண்ணூறு கிண்ணத்தக் கவுத்துப் பாக்குற கை. அது பாட்டுக்கு எடுத்துச்சு, கவுத்துடுச்சு.

— ஐஸ்கிரீமோடயா?

— எங்கைக்கு வர்ற கிண்ணம் என்னிக்கும் காலியாத்தானக்கா இருக்கும்.

— அடிப் பாவி.

— பக்கத்து அம்மா மடியெல்லாம் செவப்பா வழிஞ்சுது. அவங்க போட்ட சத்தத்துல பாட்டே கேக்கல. நான் ஒம்போதாவதோட நின்னவ, அந்த மாதிரி எடத்துல மன்னிப்பு எப்புடிக் கேக்கணும்னுகூடத் தெரியல. அந்த சூப்பர்வைசரு டார்ச்சு அடிச்சிக்கிட்டு ஓடியாந்தாரு. எம் மூஞ்சியில லைட்ட அடிச்சுத்தான் கேட்டாரு, யாரு கொட்டினதுன்னு.

— நீ என்னா சொன்ன? அழுவாத கண்ணு. நான் ஒன்ன அடிக்கவா வந்தேன்? சொல்லு.

— நான் வாயத் தெறக்கறதுக்குள்ள பானு முந்திக்கிட்டாக்கா. "நாந்தான் சார், கை வழுக்கிடுச்சு"ன்னா. நான் வாய மூடிக்கிட்டேன்.

— அவளேவா சொன்னா?

— அவளேதாங்க்கா.

— யாரும் கேக்காமலா?

— யாரும் கேக்கல.

— பாத்தியா துர்கா எம் பொண்ண. எம்பேரு போட்ட நாற்காலியில ஒக்காந்தவள ஒருத்தன் ஒரு வார்த்த சொல்ல வுடல பாரு. பெத்தவ நான், அவளப் போயி வாசல்ல நிக்க வச்சு… ச்சீ, நானெல்லாம் ஒரு அம்மா. என்னா துர்கா, இந்நேரம் ஒரு கேலி பண்ணியிருப்பியே. வாயில கொழுக்கட்டையா?

— ஒண்ணுமில்லக்கா.

— செல்வி, கண்ணத் தொட. பத்து நாளு கழிச்சாவது ஒத்துக்கிட்டியே, அதுவே பெருசு. எல்லாருக்கும் வருமா இந்த மனசு? மேஸ்திரி கேட்டா எனக்குத் தலவலின்னு சொல்லு. வூட்டுக்குப் போயி அவளுக்கு ரெண்டு முட்ட தோசை ஊத்திக் குடுத்து, செல்வி எல்லாத்தையும் சொல்லிட்டான்னு சொல்லி, மூஞ்சியத் திருப்பி ஒக்கார வைக்கிறேன். போயிட்டு வரேன் கண்ணு.

— பாத்துப் போங்கக்கா.

— அக்கா கம்பெனி கேட்டத் தாண்டிட்டாங்களா செல்வி?

— தாண்டிட்டாங்க. ஏன் துர்கா?

— எனக்குத்தான் தண்ணி தெரியலியே. அதனால பூரா நேரமும் ஒங்க மேசையத்தான் பாத்துக்கிட்டு நின்னேன்.

— துர்கா…

— அந்த ஆளு டார்ச்சு அடிக்கும்போது பானு அந்தக் கோடி மேசையில தண்ணி ஊத்திக்கிட்டிருந்தா. ஒங்க பக்கம் திரும்பக்கூட இல்ல. நீதான் கைய நீட்டி அவளக் காட்டுன. அப்புறந்தான் அவ திரும்புனா. ஒன்ன ஒரு பார்வ பாத்தா. ஆமான்னு தலைய ஆட்டுனா.

— எனக்கு அந்த லைட்டு மூஞ்சியில அடிச்சதும் என்னா பண்றதுன்னே தெரியலடி.

— அக்கா இப்ப வூட்டுக்குப் போயி பானுகிட்டயே சொல்லும். "யாரும் கேக்காம நீயே முந்திக்கிட்டியாமே, செல்வி சொன்னா"ன்னு.

— துர்கா, எங்கடி எந்திரிச்சுப் போற? பாதி கிண்ணம் அப்புடியே கெடக்குது… துர்கா, நாலு வார்த்த திட்டிட்டாவது போடி.