வயித்துச் சூடு

ஒரு நிமிசம் நில்லுங்க நர்ஸக்கா, கை ஈரமா இருக்கு. இந்தக் கோழிய இன்னொரு முக்கு முக்கிட்டு வந்துர்றேன். கத்துதேன்னு பாக்காதீங்க, உயிருக்கு ஒண்ணும் ஆகாது. வயிறு வரைக்கும்தான் வாளித் தண்ணியில வெக்கிறேன். றெக்கை ரெண்டையும் இப்படி அமுக்கிப் பிடிக்கணும், இல்லன்னா மூஞ்சியிலயே அடிக்கும்.

அடைக்கு உக்காந்துருச்சுக்கா. முட்டை ஏது? எல்லாத்தையும் அத்தை எடுத்துட்டாங்க. வெறுங்கூடையில உக்காந்துச்சு. கூடையப் பிடுங்குனா விறகு மேல உக்காருது. நேத்து ஒரு வெங்காயத்த வயித்துக்கடியில தள்ளி வெச்சுக்கிட்டு, கிட்டப் போனா கொத்துது. அத்தை விழுந்து விழுந்து சிரிச்சாங்க. வயித்துச் சூடு எறங்கிட்டா மூணு நாள்ல மறந்துரும், மறுபடியும் முட்டை போடும்னாங்க. இது ஆறாவது நாளு.

குழந்தையா? சொல்றேங்க்கா. இருங்க, இத வெயில்ல விட்டுர்றேன். போ. ஓடுது பாருங்க, நேரா கூடை இருந்த அந்த மூலைக்கே.

சட்டை நனைஞ்சிருக்கா? அது கோழி உதறுச்சு, அதான்.

தூங்கலக்கா. உள்ள இல்ல. வந்து... நாத்தனார் வீட்டுல இருக்கு. இவரோட அக்கா. ஒம்பது வருசமா அவங்களுக்குக் குழந்தை இல்ல. வந்தாங்க, மடியில போட்டுக்கிட்டாங்க, எறக்கவே இல்ல. நாலு நாளைக்குத்தான்னாங்க. இன்னியோட பதினேழு.

அவரா? செருப்பு வாரத் தெச்சுக்கிட்டிருந்தாரு. தலையத் தூக்கல. நான் மட்டும் என்னத்தக் கிழிச்சேன்? துணியெல்லாம் மடிச்சுப் பையில வெச்சதே இந்தக் கைதான். குல்லாய விட்டுட்டுப் போறீங்களேன்னு வாசல் வரைக்கும் ஓடிப்போய் வேற குடுத்தேன்.

அத்தை மாருல துணி வெச்சு இறுக்கிக் கட்டிவிட்டாங்க. மூணு நாள்ல வத்திரும், உனக்கென்ன வயசாகிப்போச்சு, இன்னொண்ணு பெத்துக்கன்னாங்க. அக்கா, இது கோழித் தண்ணி இல்லக்கா. பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதாலே நனைஞ்சிருது.

உங்க ஊசி அட்டையில அம்மான்னு போட்ட எடத்துல என் பேருதானே இருக்கு? அஞ்சாவது வரைக்கும்தான் படிச்சேன், அத வாசிக்கத் தெரியும். ஊசிய இங்க வெச்சுத்தான் போடணும், பெத்தவ மடியில வெச்சுத்தான் போடணும்னு அத்தைகிட்ட சொல்லுங்கக்கா. நான் சொன்னா யாரு கேக்கறாங்க? நீங்க சொன்னா கேப்பாங்க. ஒரு தடவ கைக்கு வந்துட்டாப் போதும். அப்புறம் யாரு கிட்ட வந்தாலும் நானும் கொத்துவேன்.

இதோ வர்றேன் அத்தை! முக்கிட்டேன் அத்தை, நல்லாத்தான் முக்குனேன்... அக்கா, அவங்களே வர்றாங்க, மொதல்ல அந்த அட்டைய எடுத்து நீங்க...