தகரத்துக்கு அந்தப் பக்கம்

ராத்திரி மணி ஒன்றே முக்கால். வள்ளூர் தாண்டினால் அந்த நேரத்தில் ரோட்டில் ஒரு நாய்கூடக் கிடையாது... அனல்மின் நிலையத்துச் சிவப்பு விளக்குகள் மட்டும் எங்கேயோ உயரத்தில். சாம்பல் வாடை. கண்ணாடியை ஏற்றிவிட்டாலும் உள்ளே வந்துவிடும். அந்த ரோட்டில் ஒரு பழைய ஸ்கூல் வேன் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. மஞ்சளை மறைக்க மேலே வெள்ளை அடித்திருந்தார்கள், சரியாக மறையவில்லை.

ஓட்டிக்கொண்டு போனவர் கலீலுல்லா. நம் மொஹ்சினுக்குச் சொந்தத் தாய்மாமன். மொஹ்சின் சமயத்தில் கதை விடுகிற ஆள்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதைச் சொல்லும்போது அவன் கையில் இருந்த டீ அப்படியே ஆறிப்போனது. ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். நடுவில் யாரும் எழுந்து போக வேண்டாம்.

அன்றைக்கு அவர் பெண்சாதி ரஹீமுன்னிசா மவுத்தாகி நாற்பதாம் நாள். பகலில் பாத்திஹா ஓதினார்கள், சோறு போட்டார்கள், வந்த ஜனம் கை கழுவிக்கொண்டு போய்விட்டது. மகள் உமைமாவும் அசந்து தூங்கிவிட்டாள். மனுஷன் சத்தமில்லாமல் சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். அவள் செத்த இடத்துக்குப் போக. தீவுக்கு.

முதலில் அந்தத் தீவுக்கு ஏன் போனார்கள் என்று சொல்லவேண்டும்.

கலீலுல்லா முப்பத்தொரு வருஷம் கன்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டினவர். வீடு டோல்கேட் பக்கம், வேலை ஹார்பரில். பார்க்கப்போனால் கூப்பிடு தூரம். ஆனால் துறைமுக கேட்டுக்குள் நுழைய எர்ணாவூர் வரைக்கும் வண்டி வரிசை நிற்கும். சில நாள் ஒரு ராத்திரி, சில நாள் ரெண்டு ராத்திரி. டிரைவர்கள் சீட்டிலேயே தூங்குவார்கள். முன் வண்டி நகர்ந்து இடம் விழுந்தால், பின்னால் இருக்கிறவன் இறங்கி வந்து, தூங்குகிறவன் வண்டித் தகரத்தில் ரெண்டு தட்டு தட்டுவான். டங்... டங். அவ்வளவுதான். பேரைச் சொல்லிக் கூப்பிடுவது கிடையாது, திட்டுவது கிடையாது. தட்டு வாங்கினவன் அரைக்கண்ணில் வண்டியை எடுத்து, ஒரு வண்டி நீளம் முன்னால் போட்டுவிட்டு, அணைத்து, மறுபடி தூங்கிவிடுவான். கலீலுல்லாவுக்கு இது எலும்புவரைக்கும் ஊறிப்போன பழக்கம். காலையில் கேட்டால் வண்டியை எடுத்ததே அவருக்கு ஞாபகம் இருக்காது.

அந்த முப்பத்தொரு வருஷமும் ரஹீமுன்னிசா பாதி ராத்திரிகள் தனியாகத்தான் படுத்தாள். அதைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்து சொன்னாள்.

“நீங்க சவுதிக்குப் பூட்டிருந்தாக்கூட மனசு ஆறிருக்கும். இதோ இங்கதான் கீறீங்க... வூட்டுக்கு வரமுடியலியே.”

அது அவருக்கு நெஞ்சில் தைத்துவிட்டது. கண்ணில் புரை விழுந்து பெரிய வண்டியை விட்டதும், காயலாங்கடைக்குப் போக இருந்த அந்த ஸ்கூல் வேனைப் பிடித்தார். கண்ணை ஆபரேஷன் செய்துகொண்டு, எட்டு மாதம் தானே உட்கார்ந்து வேலை பார்த்தார். பின்னால் ஒரு கட்டில், ஒத்தை பர்னர் அடுப்பு, தண்ணித் தொட்டி, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. முன் கண்ணாடி வழியாக எவனும் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது என்று ரஹீமுன்னிசா சொன்னாள் என்பதற்காக, டிரைவர் சீட்டுக்கும் கட்டிலுக்கும் நடுவில் மேலிருந்து கீழ்வரை தகரம் அடித்தார். மனுஷனுக்கு எதிலும் அரைகுறை ஆகாது. ஒரு ஓட்டைகூட விடவில்லை.

ஊர் ஊராகச் சுற்றுவது அவர்கள் எண்ணமில்லை. ஒரு இடத்தில் வண்டியைப் போட்டு, அதையே வீடாக வைத்துக்கொண்டு, பகலில் அக்கம்பக்கம் போய்வருவது. எந்த இடம் என்பதில்தான் ஆறு மாதம் பேச்சு. மலை என்றால் அவளுக்கு மூச்சு வாங்கும். கோவளத்தில் கூட்டம், போலீஸ் வந்து வண்டியை எடு என்பான். பழவேற்காட்டில் தரை சரியில்லை, மணலில் சக்கரம் புதையும். கடைசியில் கலீலுல்லா கோரைத்திட்டைப் பிடித்தார். முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம், ஒரே ஒரு பாலம் போட்ட தீவு. ஒரு புறம் கடல், ஒரு புறம் கழிமுகத் தண்ணி. நடுவில் சின்ன டவுன்.

“தரை கெட்டியா கீது. லாரிங்க நிக்கிற பழைய ரோடு, ஒரு மேடு பள்ளம் கெடையாது. நல்ல தண்ணி கொயா கீது. பேக்கரி கீது. பள்ளிவாசல்ல ராவெல்லாம் கக்கூஸ் தொறந்து வெச்சிருக்காங்கோ. பஞ்சர் கடைகூட கீது. இன்னா வேணும் இன்னும்?”

“ஆஸ்பத்திரி இருக்கா அத்தா?” என்று உமைமாதான் கேட்டாள்.

“பாலம் தாண்டுனா ஒரு மணி நேரத்துல ராயபுரம். நான் ஓட்ட மாட்டேனா?”

ரஹீமுன்னிசா ஒன்றுதான் கேட்டாள். “படுத்துக்கினே கடல் சத்தம் கேக்குமா?” கேட்கும் என்றார். போதும் என்றாள்.

போனார்கள். ரெண்டு நாள் ராஜாவும் ராணியும்தான். நண்டு வாங்கி வந்து அவளே ஆக்கினாள், சாயங்காலம் மணலில் கால் நீட்டி உட்கார்ந்தார்கள். ஒரே ஒரு குறை. அவருக்குக் கட்டிலில் தூக்கம் பிடிக்கவில்லை! நீட்டிப் படுத்தால் தலை சுற்றுகிறது என்றார். கட்டில் போட்ட ஆசாமி, அதில் படுக்க முடியாமல் ராத்திரி எழுந்து போய் டிரைவர் சீட்டில் சாய்ந்துகொண்டார். அவள் சிரித்தாள். “அங்கேயாவது தூங்குங்க. பக்கத்துலதான கீறீங்க.”

மூன்றாவது ராத்திரி.

விடிந்து, டீ போட்டிருக்கிறாளா என்று பார்க்க இறங்கினவர், வண்டி நின்ற இடத்தைப் பார்த்துத் திகைத்தார். சாயங்காலம் நிறுத்தின இடம் இதில்லை. நேராக, அந்தப் பழைய ரோட்டிலேயே, ரொம்ப தூரம் முன்னால் வந்து நிற்கிறது. பின்னால் திரும்பிப் பார்த்தார். அந்த வேனில் ஆயில் ஒழுகும். எங்கே நின்றாலும் ரோட்டில் ஒரு கறுப்புப் பொட்டு வைக்கும். ஒரு பொட்டு... ஒரு வண்டி நீளம் தள்ளி இன்னொரு பொட்டு... அப்புறம் இன்னொன்று. வரிசையாகப் பதினொன்று.

ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்தார். கட்டிலிலிருந்து சரிந்து, தகரத்தில் தலை சாய்ந்து கிடந்தாள். விரல் மடக்கினபடியே இருந்தது. விரல் முட்டியில் தோல் உரிந்து... மாரடைப்பு என்று டாக்டர் எழுதினார். குரல் எழும்பியிருக்காது. எழுந்து கதவைத் திறக்கத் தெம்பு இருந்திருக்காது. போன் முன்னால் சார்ஜில் கிடந்தது. கைக்கு எட்டினது அந்தத் தகரம் ஒன்றுதான்.

அவள் தட்டியிருக்கிறாள். டங்... டங். அவர் எடுத்திருக்கிறார். ஒரு வண்டி நீளம். அணைத்திருக்கிறார். தூங்கியிருக்கிறார். அவள் மறுபடி தட்டியிருக்கிறாள். பதினோரு தடவை...

இதை அவர் மொஹ்சினிடம் மட்டும்தான் சொன்னார், அடக்கம் முடிந்து கபர்ஸ்தானிலிருந்து திரும்பும்போது. “நான் தூங்குனதுக்கு அல்லா என்னை இன்னா வேணாலும் பண்ணட்டும்டா. ஆனா அவ இன்னா நெனச்சிக்கினு செத்தா? தட்டத் தட்டத் திரும்பிக்கூடப் பாக்காம வண்டிய எடுக்கிறானே பாவின்னு நெனச்சாளா? அது மட்டும் எனக்குத் தெரியணும்.” நாற்பது நாளும் அந்த ஒரு கேள்விதான். சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. அதைக் கேட்கத்தான் அன்றைக்கு அந்த ரோட்டில் போனார்.

மற்றதெல்லாம் அவரே மொஹ்சினுக்கு போனில் சொன்னது.

அதே ரோடு, அதே இடம். முதல் பொட்டு இன்னும் அழியாமல் இருந்தது, அதன்மேல் நிறுத்தினார். விளக்கை அணைத்தார். காற்று இல்லை. தண்ணி விலகின சேற்று வாடை. தூரத்தில் நிலக்கரி கொண்டுபோகிற பெல்ட் ஓடுகிற ஒரே சீரான சத்தம்... சீட்டில் நிமிர்ந்து, கண்ணைக் கொட்டாமல் உட்கார்ந்திருந்தார். ரெண்டே முக்காலுக்கு அந்தப் பெல்ட் சத்தம் நின்றது. வண்டிக்குள் தலைவலித் தைலத்தின் வாசனை வந்தது. அவள் தடவுகிறது.

டங்... டங்.

விழுந்தடித்துக்கொண்டு இறங்கிப்போய்ப் பின்கதவைத் திறந்தார். டார்ச் அடித்தார். விரிப்பு கசங்காமல் இருந்தது. யாரும் இல்லை. திரும்பி வந்து சீட்டில் ஏறினார்.

டங்... டங்.

தகரத்தில் நெற்றியை வைத்துக்கொண்டார். “ரஹீமா... தூங்கிட்டேம்மா. அறிவு கெட்டவன், தூங்கிட்டேன். மன்னிச்சிருன்னு கேக்க வாய் வரலை...” கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தட்டினாள். இந்தத் தடவை சத்தம் குறைந்திருந்தது. விரலில் தெம்பு போய்க்கொண்டிருக்கிற தட்டு. அவருக்கு அது தாங்கவில்லை. பேய், பிசாசு, மனப்பிராந்தி, எதையும் யோசிக்கவில்லை. சாவியைத் திருகினார்.

இந்தத் தடவை ஒரு வண்டி நீளத்தில் நிறுத்தவில்லை. பாலத்தைத் தாண்டினார். வள்ளூர் போனது. வண்டி ஓடுகிறவரைக்கும் தகரம் அமைதியாக இருந்தது. மூச்சு இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. எர்ணாவூர் வந்தார். அங்கே ட்ரெய்லர் வரிசை ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது, எப்போதும்போல. பிரேக் போட்டார்.

டங்... டங்.

பிறகு, தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து, மூச்சு முட்டிக்கொண்டு, அவள் குரல்.

“இன்னாங்க... இன்னும் எவ்ளோ தூரம்?”

தகரத்தோடு வாயை ஒட்டிவைத்துச் சொன்னார். “கிட்ட வந்துட்டோம்மா. ராயபுரம் வந்துட்டோம்.”

“பதறாதீங்க... மெதுவாவே போங்க. தட்டுன ஒடனே எடுத்தீங்களே. ஒவ்வொரு தபாவும் எடுத்தீங்களே... நீங்க கூட்டிக்கினு பூடுவீங்கன்னு எனக்குத் தெரியும்.”

ஸ்டீயரிங்கைக் கட்டிக்கொண்டு அழுதார். அவள் அவரைத் திட்டிக்கொண்டு சாகவில்லை. வண்டி ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறது என்று நம்பிக்கொண்டு செத்திருக்கிறாள். ஆனால் அவள் செத்த ராத்திரி வண்டி தீவைவிட்டு வெளியே வரவே இல்லை. இதைக் கேட்டு ஒரு மனுஷன் ஆறுதல் அடைவானா, அல்லது தலையில் அடித்துக்கொள்வானா... சொல்லுங்கள்.

அங்கிருந்துதான் மொஹ்சினுக்கு போன் போட்டார். மூன்று மணி முப்பத்தைந்து. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். “உங்க மாமி பேசுறாடா. நான் ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறேன், நீ நேரா அங்க வா.” பாவம், மாமுவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றுதான் மொஹ்சின் நினைத்தான். போனை வைக்கப்போகும்போது அவருக்குப் பின்னால் அந்தச் சத்தம் அவனுக்கும் கேட்டது. டங்... டங்.

மொஹ்சின் பைக்கை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மணி நாலரை. அவசரப் பிரிவு வாசலில் வேன் நின்றது. பின்கதவு திறந்திருந்தது. மாமுவைக் காணவில்லை. வாசல் பெஞ்சில் புளியந்தோப்புக்காரப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். செங்கொடி என்று பேர். புருஷனுக்கு ஆபரேஷன், விடியவிடிய அங்கேயேதான் இருந்தாள்.

“பெரியவரா? வந்தாரே. வண்டியவிட்டு எறங்கி ஓடிவந்து, ஸ்ட்ரெச்சர் ஸ்ட்ரெச்சர்னு கத்துனாரு. வாச்மேன் வண்டிக்குள்ளாற பாத்துட்டு, ‘யாரும் இல்லியே, உள்ள இட்டுகினு பூட்டாங்க போல, நீ பெஞ்சுல குந்து’ன்னான். எம் பக்கத்துலதான் குந்திக்கினு இருந்தாரு. அழுதுகினே இருந்தாரு. கொஞ்ச நேரம் பொறுத்து உள்ளேர்ந்து கூப்ட்டாங்கோ. ‘ரஹீமுன்னிசா கூட வந்தவங்க யாரு?’ன்னு. எனக்கும் நல்லா கேட்டுச்சு.”

“யாரு கூப்ட்டாங்க? நர்ஸா?”

“பொம்பளக் குரலு. ‘நான்தாம்மா, நான்தான் கூட வந்தேன்’னு எந்திரிச்சுப் போனாரு. அதுக்கப்புறம் வெளிய வரலை.”

மொஹ்சின் உள்ளே போனான். ஆறு கட்டில், ஆறு நோயாளிகள். மாமு இல்லை. அந்த அறைக்கு வேறு வாசலும் இல்லை. அந்தப் பேரில் யாரையும் சேர்க்கவில்லை என்றாள் நர்ஸ். தான் யாரையும் கூப்பிடவும் இல்லை என்றாள். கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தான். அன்றைக்கு மட்டுமில்லை, இன்றுவரைக்கும் கலீலுல்லாவை யாரும் பார்க்கவில்லை.

திரும்பி வெளியே வரும்போதுதான் வாசற்படியில் கவனித்தான். ஆஸ்பத்திரிக்குள் யார் செருப்பைக் கழற்றிவிட்டுப் போகிறார்கள்? மாமுவின் பெரிய ரப்பர் செருப்பு அங்கே இருந்தது, வீட்டு வாசலில் விடுகிறமாதிரி ஒழுங்காக. அதை ஒட்டினாற்போல் இன்னொரு ஜோடி, ஒரு பொம்பளைச் செருப்பு. அதில் மணல் அப்பியிருந்தது. மொஹ்சின் விரலால் தொட்டுப் பார்த்தான்... இன்னும் ஈரமாக இருந்தது.