ஏரிப் பக்கத்துத் தூண்

"ஹலோ... ஹலோ, ஆல்டன்? ... ஆமா, ஆமா, நான்தான், கிரெட்சன்... இல்ல, லைன் பிஸியா இருந்துச்சு, நம்ம முகாம் நர்ஸ் ஆஸ்பத்திரியிலேருந்து பேசிக்கிட்டிருந்தா... ஆமா, இப்பதான் வச்சா... நீங்க இன்னும் கிளம்பலையே?"

முகாம் அலுவலகத்தில் இருந்த ஒரே தொலைபேசி அது. அந்தப் பைன் காட்டுக்குள் கைபேசி எடுக்காது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் இதே இடத்தில் நின்றுதான் கிரெட்சன் ஆல்டனை அழைத்தாள். டெல்லா கீழே விழுந்துவிட்டாள், பலமான அடி, ஆம்புலன்ஸில் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லியிருந்தாள். அவர் வடக்கே வெர்மான்ட்டில், இரண்டரை மணி நேர தூரத்தில் இருந்தார். வசந்தத்தில் இடுப்பு எலும்புக்கு அறுவை செய்துகொண்டதால் இந்த வருடம் மனைவி டெல்லாவைத் தனியாக அனுப்பியிருந்தார். பக்கத்து வீட்டு கார்ல் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு.

"கார்ல் வந்துட்டாரா? ... வண்டியோட வாசல்ல நிக்கிறாரா, சரி... சரி, நல்லது. அவரை உள்ள கூப்பிடுங்க... போலாம், போகத்தான் போறீங்க. அதுக்கு முன்னாடி அவரை உள்ள வரச்சொல்லுங்க. நீங்க உக்காருங்க... வலிச்சாலும் பரவாயில்ல ஆல்டன், உக்காருங்க. எனக்காக... உக்காந்துட்டீங்களா?"

மேசைக்கு எதிர்ப்புறம் வெண்டல் உட்கார்ந்திருந்தார். முகாமின் நிர்வாகக் குழுத் தலைவர். மடியில் ஒரு எழுதும் அட்டை, கையில் பேனா. அவர் கிரெட்சனின் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டெல்லா போயிட்டா, ஆல்டன்."

இதைவிட மெதுவாகச் சொல்ல நான்கு வாக்கியங்களை யோசித்து வைத்திருந்தாள். ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

"...ஆமா... ஆமா. ஆபரேஷன் டேபிள்லயே... பன்னெண்டரைக்கு. நர்ஸ் பக்கத்துலயேதான் இருந்தா, கடைசி வரைக்கும்... இல்ல, நான் அங்க இல்ல. நான் இங்க... இல்ல ஆல்டன், தப்பா எல்லாம் சொல்லல. அவதான். பேரைப் பாத்து, முகத்தைப் பாத்துதான் சொல்றாங்க... போலீஸ் வீட்டுக்கே வந்து சொல்றேன்னாங்க. நான்தான் வேண்டாம்னேன். தெரியாத ஆள் தொப்பியைக் கையில வச்சுக்கிட்டு உங்க வாசல்ல நிக்கக் கூடாதுன்னு... ஆல்டன்? ... ஆல்டன், கார்ல் இருக்காரா பக்கத்துல?"

அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று தரையில் உரசும் சத்தம் கேட்டது.  கிரெட்சன் காத்திருந்தாள். பதினெட்டு வருடமாக அவள் நடத்திவரும் நடன முகாம். ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஒரு வாரம், நூற்றைம்பது பேர், காலையில் மூன்று வகுப்பு, மாலையில் எல்லோரும் சேர்ந்து ஆட்டம். பலகையைக் காலால் மிதித்துத் தாளம் போடும் கிளாகிங் ஆட்டம் டெல்லாவின் வகுப்பு. இந்த நேரத்துக்குப் பெரிய கூடத்தில் ஆங்கில வரிசை ஆட்டத்தின் கடைசிப் பாட்டு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இப்போது நூற்றைம்பது பேரும் புல்லில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சத்தமும் இல்லை.

"சொல்றேன்... சொல்றேன், எல்லாம் சொல்றேன். கேளுங்க. ரெண்டாவது வகுப்பு. அவளோட கிளாகிங் வகுப்புதான்... இருபத்தெட்டு பேர். ஆமா, இந்த வருஷம் கூட்டம். தெரியுமே, திங்கக்கிழமையே எல்லாரையும் திட்டித் தீத்துட்டா. 'பலகையை மிதிங்கய்யா, முட்டை மேல நடக்குற மாதிரி நடக்காதீங்க'ன்னு... ஆமா, ஆமா, அதே குரல்... இன்னிக்கு அவங்க நல்லா மிதிச்சாங்க ஆல்டன். இங்க வரைக்கும் கேட்டுச்சு. ஒரே தாளம்."

 ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டு தொடர்ந்தாள்.

"அவ கிராதிக்கிட்ட நின்னுக்கிட்டிருந்தா, எல்லாரையும் பாத்தபடி... ஆமா, ஏரிப் பக்கத்து மூலையில. முதுகு ஏரிக்கு. கடைசி அடியை எல்லாரும் சேந்து போட்டாங்க. அந்த மூலை அப்படியே இறங்கிடுச்சு... மேடைதான். ஆமா. ஏரிக்கரை மேடை... இன்னும் ரெண்டு பேர் விழுந்தாங்க, ஒருத்தருக்குக் கை, ஒருத்தருக்குக் கணுக்கால். அவங்க மண்ணுல விழுந்தாங்க. அவ பாறை மேல... ஃபிடில்காரர் கண்ணை மூடிக்கிட்டு வாசிச்சுக்கிட்டே இருந்தாராம். யாரோ போய்த் தோளைப் பிடிச்சு நிறுத்துற வரைக்கும்."

அதை ஏன் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை. அவள் ஓடிப்போனபோது எதிரே புல்வெளியில் மாரிஸ் நடன வகுப்புக்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். கழற்ற நேரமில்லாமல் கால்களில் சலங்கையோடு ஓடிவந்து, சரிவில் இறங்கி, டெல்லாவைப் பலகையில் கிடத்தித் தூக்கினார்கள். அடியெடுத்து வைக்கும் போதெல்லாம் அத்தனை சலங்கையும் குலுங்கியது. அதை அவரிடம் சொல்லவில்லை.

"...நினைவா? இருந்துச்சு, கொஞ்ச நேரம். பேசல... இல்ல, எதுவும் சொல்லல. என் கையைப் பிடிச்சிருந்தா... வலியா? எனக்குத் தெரியல ஆல்டன். பொய் சொல்லல, எனக்கு நிஜமாவே தெரியல... சாப்பிட்டா. காலையில சாப்பிட்டா. ஓட்ஸ் கஞ்சியும் ரெண்டு முட்டையும். காபி ஆறிப்போச்சுன்னு சமையல்காரரோட சண்டை போட்டா... ஆமா... ஆமா, அவ இல்லாம வேற யாரு."

அந்தப் பக்கத்திலிருந்து வந்தது சிரிப்பா அழுகையா என்று பிரித்தறிய முடியவில்லை. கிரெட்சன் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு அவர் வேறொன்று பேசத் தொடங்கினார். முதலில் அவளுக்குப் புரியவில்லை.

"எந்தத் தூண்? ... ஆமா... ஆமா, நீங்க கட்டுனதுதான், தெரியும்... ஏன் இப்ப அதை... இருபத்திரண்டு வருஷம் ஆச்சு ஆல்டன்... என்னது? ... என்ன அவசரம்? ... முகாம் திறக்க ஒரு வாரம்தான் இருந்துச்சு, சரி... அடியில கல்லு வைக்காம நேரா மண்ணுல... டெல்லா சொன்னாளா, கல்லு வைங்கன்னு? ... இல்ல. இல்ல, இல்ல, அப்படிப் பேசாதீங்க... நீங்க ஒண்ணும் அவளைக் கொல்லல. ஆல்டன்! கேளுங்க, அப்படிப் பேசக் கூடாது..."

வெண்டல் தலையைத் திருப்பினார். அவளுடைய வார்த்தைகளிலிருந்தே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. கணவர் தன்மேலேயே பழியைப் போட்டுக்கொள்கிறார். வெண்டல் அட்டையில் ஏதோ எழுதி அவள் பக்கம் திருப்பினார். தூண் பற்றி எதுவும் சொல்ல வேண்டாம், வக்கீல் வரட்டும். கீழே இரண்டு கோடு இழுத்திருந்தார்.

கிரெட்சன் படித்தாள்.

"மரம்தானே ஆல்டன்... மழையும் பனியும்... அதுக்கும் வயசாகுது. யாரால என்ன செய்ய முடியும்..."

சொல்லும்போதே அவளுக்கு நாக்கு கசந்தது. எல்லாம் தன்னால்தான் என்று நம்பிக்கொண்டு அவர் காரில் ஏறுவார். இரண்டரை மணி நேரமும் ஜன்னலுக்கு வெளியே தன் கையால் நட்ட தூணையே பார்த்துக்கொண்டு போவார். சவக்கிடங்கில் டெல்லாவின் முகத்தைப் பார்க்கும்போதும் அதுதான் மனதில் இருக்கும். செத்துப்போகும் வரைக்கும் இருக்கும். கிரெட்சன் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

"...டூலியா? ஆமா, இப்பவும் அவர்தான் தச்சு வேலை எல்லாம்... பாத்தார். ஏப்ரல்ல வந்து பாத்தார்... ம்... அடியில இறங்கியும் பாத்தார்."

வெண்டல் எழுந்து நின்றார்.

"என்ன சொன்னாரா..."

வெண்டல் மேசையைச் சுற்றி வந்து, அட்டையை அவள் கண்ணுக்கு நேரே நீட்டினார். கிரெட்சன் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். தொலைபேசிக் கம்பி அவள் இடுப்பைச் சுற்றிக்கொண்டது.

"ஆல்டன், அந்தத் தூண் போச்சுன்னு எனக்குத் தெரியும். ஏப்ரல்லேருந்து தெரியும்... ஆமா. தெரிஞ்சுதான்... இருங்க, முழுசா சொல்லிடறேன், நடுவுல நிறுத்துனா என்னால முடியாது. டூலி எழுதியே குடுத்தார். நான் குழுவுக்கு அதைக் காட்டல. ஒரு தூணைக் குளிர்காலத்துக்குள்ள பாக்கணும்னு மட்டும் சொன்னேன். மேடையை மூடச் சொல்லிடுவாங்கன்னு பயம். மேடை இல்லேன்னா ஒரு வகுப்பு போயிடும், ஒரு வகுப்பு போனா... அதை விடுங்க. பாட்டு வகுப்பை மட்டும் அங்க போட்டேன். உக்காந்து பாடுறவங்கதானே. கிளாகிங்கைச் சாப்பாட்டுக் கூடத்துல போட்டேன். திங்களும் செவ்வாயும் அங்கதான் நடந்துச்சு."

மூச்சு வாங்கினாள்.

"இன்னிக்குக் காலையில டெல்லா வந்தா. சமையல்காரர் நேரத்துக்கு டேபிள் போட விடலன்னு கத்துறார், உள்ள புழுக்கமா வேற இருக்கு, மேடைக்குப் போயிடட்டுமான்னு கேட்டா. நான் டீ குடிச்சுக்கிட்டிருந்தேன்... ஒரு நாள்தானேன்னு நினைச்சேன். சரி, போங்கன்னேன்... இல்ல. அவளுக்குத் தெரியாது. நான் சொல்லல... சொல்லியிருந்தா போயிருக்க மாட்டா. ஆமா. யாரையும் ஏத்தியிருக்க மாட்டா... ஆமா. நான்தான் அனுப்பினேன்."

அவளுக்குப் பின்னால் வெண்டல் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"கத்துங்க ஆல்டன். ஏதாவது சொல்லுங்க... ஹலோ? ... இருக்கேன்... இருக்கேன், சொல்லுங்க... அந்தக் கடுதாசியா? ... இங்கதான் இருக்கு. டிராயர்ல... படிக்கணுமா? ... இப்பவா? ... சரி. சரி, இருங்க."

 இரண்டாவது இழுப்பறையில், பாட்டுப் புத்தகங்களுக்கு அடியில், மஞ்சள் நிறக் கோடு போட்ட ஒற்றைத் தாள். நான்காக மடித்திருந்தது. வெண்டல் அந்தத் தாளை இப்போதுதான் பார்க்கிறார்.

"படிக்கிறேன். 'கிரெட்சன், இன்னிக்கு மேடைக்கு அடியில போய்ப் பாத்தேன். ஏரிப் பக்கத்து மூலைத் தூண் போச்சு. ஸ்க்ரூடிரைவரை வச்சு அழுத்தினா பிடி வரைக்கும் உள்ள போகுது. மத்த அஞ்சும் கல்லு மாதிரி நிக்குது. ஆல்டன் வேலையில குறை இல்ல, கூரைத் தண்ணிக்குழாய் அந்த இடத்துல உடைஞ்சு ரெண்டு மூணு வருஷமா தண்ணி முழுக்க அந்த ஒரு தூண் மேலயே விழுந்திருக்கு. குழாயை அப்பவே யாராவது கவனிச்சிருக்கணும். இதை மாத்துற வரைக்கும் மேடையை மூடி வைக்கிறது நல்லது. முடியாதுன்னா, குதிக்கிற வகுப்பு எதையும் தயவுசெய்து அங்க வைக்காதீங்க. டூலி.' அவ்வளவுதான்... தேதி ஏப்ரல் பத்தொம்போது."

தாளை மேசைமேல் விரித்து வைத்தாள்.

"...குழாயா? ஆமா, எனக்குத் தெரியும் அது உடைஞ்சது. பனியில... ஆமா, நான்தான் கவனிக்கணும்... இல்ல, தூக்கிப் போட மாட்டேன். போலீஸ்காரர் மூணு மணிக்கு மேடையைப் பாக்க வரார். அவர் கையிலயே குடுத்துடறேன்... ஆமா, சத்தியமா. வெண்டல் இங்கதான் இருக்கார், அவரும் கேட்டுட்டார்... நான் ஆஸ்பத்திரிக்கு வரட்டுமா? நீங்க தனியா... சரி. வரல... சரி. ஆமா, புரியுது. நீங்க வரும்போது நான் அங்க இருக்க மாட்டேன்."

வைத்துவிடுவார் என்று நினைத்தாள். அவர் வைக்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. அறுபத்தாறு வயது மனிதர், புண் ஆறாத இடுப்போடு, சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன? ... இன்னொரு தடவையா? ... முழுசாவா? ... சரி ஆல்டன். மெதுவாப் படிக்கிறேன்."

தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். எழுத்துகள் ஒன்றோடொன்று கலந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"'கிரெட்சன், இன்னிக்கு மேடைக்கு அடியில போய்ப் பாத்தேன். ஏரிப் பக்கத்து மூலைத் தூண் போச்சு. ஸ்க்ரூடிரைவரை வச்சு அழுத்தினா பிடி வரைக்கும் உள்ள போகுது. மத்த அஞ்சும் கல்லு மாதிரி நிக்குது. ஆல்டன் வேலையில குறை இல்ல'... ஆமா. அப்படித்தான் எழுதியிருக்கார்... ஆமா, அதே வார்த்தை. 'ஆல்டன் வேலையில குறை இல்ல'... இருக்கேன்... மேல படிக்கட்டுமா? ... 'கூரைத் தண்ணிக்குழாய் அந்த இடத்துல உடைஞ்சு ரெண்டு மூணு வருஷமா தண்ணி முழுக்க அந்த ஒரு தூண் மேலயே விழுந்திருக்கு. குழாயை அப்பவே யாராவது கவனிச்சிருக்கணும். இதை மாத்துற வரைக்கும் மேடையை மூடி வைக்கிறது நல்லது. முடியாதுன்னா, குதிக்கிற வகுப்பு எதையும்'..."

கிளிக்கென்று ஒரு சத்தம்.

"ஆல்டன்? ... ஹலோ? ... ஹலோ..."