மடியில் ஒரு அட்டை வீடு

சனிக்கிழமை, கல்லங்குறிச்சிப் பெருமாளைச் சேவிக்கப் பெரம்பலூரில் பஸ் ஏறினேன். முன் சீட்டில் கட்டடக்கலை படிக்கிற இரண்டு பெண் பிள்ளைகள். ஒருத்தி மடியில் அட்டையில் செய்த வீடு.

"இந்த வூட்ட ஜன்னல் வழியா எறிஞ்சிடட்டா?" என்றாள் அவள்.

"எறி. ரோட்ல போறவங்க தலையில வுழாம பாத்துக்க."

"கோழிக்கூடு மாதிரி இருக்குன்னு சார் சொன்னதும் எல்லாரும் சிரிச்சீங்கல்ல? இனிமே காலேஜுக்கே வரமாட்டேன். அப்பாகிட்ட இன்னைக்கே சொல்லிடுவேன்."

"நானுந்தான்டி சிரிச்சேன். நீ அழுதுட்டே போனதும் ஒருத்தியும் சாப்பாட்டு டப்பாவைத் தொறக்கல."

கொஞ்ச தூரம் போன பிறகு வீடு வைத்திருந்தவள் தோழி பக்கம் திரும்பினாள்.

"ஆமா, நீ எங்கடி போற? உன் ஹாஸ்டல் காலேஜுக்குள்ளதானே இருக்கு?"

"தெரியல. நீ ஏறுன, நானும் ஏறிட்டேன். உங்க வூட்ல சோறு இருக்குமா?"

"லூசு," என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள்.

அரியலூர் வந்தது. ஆளுக்கொரு பக்கம் அட்டை வீட்டைப் பிடித்தபடி எழுந்தார்கள். "வூடு இறங்குது, வழி வுடுங்க!" என்று குரல் கொடுத்தார் கண்டக்டர்.

"கூரையை அமுக்காதடி. திங்கக்கிழமை சார்கிட்ட திரும்பக் காட்டணும்," என்றாள் வீட்டுக்காரி.

அன்று பெருமாளிடம் அந்த வீட்டையும் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.