பதினாறடி ஷெட்

சிமெண்டுத் தரையைத் தினமும் தேய்த்துக் கழுவினால் பத்து வருடம் ஆனாலும் புதுசாகவே இருக்கும். விளாங்குடியில் என் வீட்டுக் கார் ஷெட்டை வந்து பாருங்கள். பதினாறடி நீளம். ஒரு சொட்டு எண்ணெய்க் கறை கிடையாது. கார் இல்லாததும் ஒரு காரணம்.

போன வாரம் உயர் நீதிமன்றம் என்னையும் என் மகன் அழகுராஜாவையும் விடுதலை செய்துவிட்டது. செஷன்ஸ் கோர்ட் கொடுத்த ஏழு வருடம் செல்லாதாம். நாங்கள் வரதட்சணை கேட்டதற்கு ஒரு சாட்சிகூட இல்லை என்பதுதான் தீர்ப்பின் சாரம். உண்மைதான். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் நான். எத்தனையோ கல்யாண மேடைகளில் வரதட்சணையை எதிர்த்து வாழ்த்துரை வழங்கியவன். அந்த வாய் எப்படிக் கேட்கும்?

கார்ப் பேச்சை எடுத்தது சம்பந்தி பால்பாண்டி. உசிலம்பட்டியில் நடந்த நிச்சயதார்த்தத்தில் சீரை மைக்கில் வாசித்தார்கள். பவுன், பாத்திரம், பீரோ என்று வாசித்து முடித்ததும் கூட்டம் கைதட்டியது. அதில் மனிதர் கிறங்கிப்போய் மைக்கைப் பிடுங்கி, "மாப்ளைக்கு ஒரு காரும் உண்டுப்பா" என்று சொல்லிவிட்டார். பிறகு மழை பொய்த்தது, மாடுகளை விற்றார், கார் வரவில்லை. அதற்காக நான் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஷெட்டைக் கழுவச் சொன்னேன், அவ்வளவுதான். மருமகள் பவதாரிணி தினமும் காலையில் தெரு பார்க்கக் கழுவுவாள். அங்கே சைக்கிள் நிறுத்தக் கூடாது, துணி காயப்போடக் கூடாது.

"எதுக்கு மாமா? சும்மா கெடக்குற எடந்தானே?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"சும்மா கெடக்குதுன்னு யாரும்மா சொன்னது? ஒங்கப்பா குடுத்த வாக்கு நிக்கிற எடம்" என்றேன். பண்பாகத்தான் சொன்னேன்.

ஆயுத பூஜை அன்று தெருவில் எல்லா வண்டிக்கும் மாலை. நம் வீடு மட்டும் விட்டுப்போகக் கூடாதே. வெறும் தரைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சூடம் காட்டச் சொன்னேன். "என்ன சார், கண்ணுக்குத் தெரியாத மாடலா?" என்றார் எதிர்வீட்டு மலையாண்டி. தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். பவதாரிணி சூடம் காட்டிவிட்டு உள்ளே போனாள். சற்று நேரத்தில், தோட்டத்துக்கு வாங்கியிருந்த பூச்சிமருந்தைக் குடித்துவிட்டு ஷெட்டில் வந்து விழுந்தாள். மகன் கப்பலூரில் கம்பெனி பூஜைக்குப் போயிருந்தான்.

மலையாண்டி தன் காரோடு ஓடி வந்தார். "தூக்குங்க சார், பத்து நிமிசத்துல ஆஸ்பத்திரி போயிரலாம்."

மாலை போட்ட கார். அதில் ஏற்றினால், தலைமையாசிரியர் வீட்டில் அவசரத்துக்குக்கூட ஒரு கார் இல்லை என்று ஊர் பேசும். "வண்டி வந்துக்கிட்டு இருக்கு தம்பி" என்று கேட்டைச் சாத்தினேன். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார். கோர்ட்டிலும் அப்படியே சொன்னார். நான் போன் போட்டது உசிலம்பட்டிக்கு. "சம்பந்தி, பொண்ணுக்கு ஒடம்புக்கு முடியல. கார எடுத்துட்டு வாங்க." உடனே தகவல் சொன்ன பொறுப்புள்ள மாமனார் என்று தீர்ப்பில் இதற்கு ஒரு பத்தியே இருக்கிறது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். "மாமா" என்று இரண்டு முறை கூப்பிட்டாள். "அப்பா வாராரும்மா" என்று தைரியம் சொன்னேன். பால்பாண்டி யாரிடமோ இரவல் வாங்கிய வெள்ளைக் காரில் வந்து சேர்ந்தபோது அவளுக்குக் கார் தேவைப்படவில்லை. அவளை ஓரமாக நகர்த்திவிட்டு, வண்டியை உள்ளே விடச் சொன்னேன். முன்னும் பின்னும் ஒவ்வோர் அடி மிச்சம். அளவைச் சரியாகத்தான் எடுத்திருக்கிறேன்.

காப்பாற்றியிருக்கலாமா என்றால், காப்பாற்றியிருக்கலாம். நான்தான் விடவில்லை. ஆனால் வழக்கு அதுவல்லவே. நான் கார் கேட்டேனா என்பதுதானே வழக்கு.

மகனுக்கு மறுமணம் பேசுகிறோம். நாளை திருமங்கலத்திலிருந்து பெண் வீட்டார் வருகிறார்கள். ஷெட்டை நானே கழுவிவிட்டேன். வாய் திறந்து எதையும் கேட்கப்போவதில்லை. ஹாலில் நாற்காலிகளை மட்டும் கொஞ்சம் திருப்பிப் போட்டிருக்கிறேன். அங்கிருந்து பார்த்தால் ஷெட் நன்றாகத் தெரியும்.